அவருக்குப் பிறகு யார்? உயில் வாசகத்துக்கு ஒரு விளக்கவுரை

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் எழுத்துக்கு எப்போதும் மதிப்பு உண்டு. கொல்லம் 925ஆம் ஆண்டு மகரம் 5ஆம் நாள், அதாவது 1750 ஜனவரியில், திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா தம் ராஜ்யம் முழுவதையும் பத்மநாபசுவாமிக்கு எழுதிக் கொடுத்தார். திருப்படிதானம் என்று அதற்குப் பெயர். அதன்பின் வந்த அரசர்கள் எல்லோரும் பத்மநாபதாசர் என்ற பெயரில், சாமியின் சார்பாகத்தான் நாடாண்டார்கள். ஒரு நாடே எழுத்தால் கைமாறிய கோட்டை இது. ஆனால் கோயிலைச் சுற்றியுள்ள அக்ரகாரத் தெருக்களிலும், வாசலுக்கு வெளியே சாலைக் கடைத்தெருவிலும், தாத்தா பேரிலேயே கரம் கட்டப்படுகிற வீடும் கடையும் இன்னும் உண்டு. தாத்தா ஒன்றும் எழுதி வைக்கவில்லை, அப்பா எழுத நினைத்தார், பிள்ளைகள் ஆளுக்கொரு ஊரில்.

எழுதி வைத்தவர்களும் எழுதியதைப் படிப்பதில்லை. எழுத்தர் வேகமாக வாசிப்பார், பெரியவர் தலையாட்டுவார், காட்டிய இடத்தில் கையெழுத்து விழும். உயிலின் பழைய சொற்றொடர்கள் அலங்காரத்துக்கு வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சட்டப்பிரிவு இருக்கிறது, அல்லது யாரோ ஒரு குடும்பம் கோர்ட்டில் தொலைத்த ஆண்டுகள் இருக்கின்றன. இங்கே மலையாளத்தில் ஒஸ்யத்து என்றும் வில்பத்திரம் என்றும் சொல்கிற, நாகர்கோவில் பக்கம் உயில் சாசனம் என்கிற அந்த வாசகத்தைத் துண்டு துண்டாக எடுத்துப் பொருள் சொல்லிப் பார்க்கிறேன். இந்துக் குடும்பங்களை மனதில் வைத்தே பெரும்பாலும் பேசுகிறேன். மற்றவர்களுக்குச் சட்டம் மாறுகிற இடங்களில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

மூலம்: "நான் நல்ல நினைவோடும் தெளிந்த புத்தியோடும், எவருடைய தூண்டுதலும் நிர்ப்பந்தமும் இன்றி, மனப்பூர்வமாக எழுதி வைத்த உயில் சாசனம் என்னவென்றால்..."

1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் 59ஆம் பிரிவில், மைனர் அல்லாத, புத்தி தெளிவுள்ள எவரும் உயில் எழுதலாம் என்கிறது. ஏமாற்றியோ மிரட்டியோ, எழுதுகிறவர் தம் இஷ்டப்படி நடக்க முடியாதபடி நச்சரித்தோ வாங்கிய உயில் செல்லாது என்பது 61ஆம் பிரிவு. மேலே கண்ட முதல் வாக்கியம் இந்த இரண்டு பிரிவுகளின் தமிழ் வடிவம்தான்.

வாக்கியத்தை எழுதிவிட்டால் மட்டும் அது மெய்யாகிவிடாது. 1958இல் வெங்கடாசல ஐயங்கார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றுவரை அளவுகோல். உயிலில் சந்தேகத்துக்கு இடமான சூழ்நிலை ஏதாவது இருந்தால், அதைத் தீர்த்துவைக்கும் பொறுப்பு உயிலைக் கொண்டுவருபவருடையது. சந்தேகம் என்றால் என்ன? கை நடுங்கிய கையெழுத்து, காரணம் சொல்லாமல் ஒரு பிள்ளையை அடியோடு விட்டுவிட்டது, பெரும்பங்கு வாங்குகிறவரே எழுத்தரை அழைத்து வந்து பக்கத்தில் நின்று எழுதவைத்தது. இவை இருந்தால், "தெளிந்த புத்தியோடும்" என்று பத்து தடவை எழுதியிருந்தாலும் கோர்ட் கேள்வி கேட்கும். எண்பது வயதுக்காரர் எழுதும்போது, வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் அதே நாளில் ஒரு சான்று வாங்கி உயிலோடு சேர்த்து வைப்பது வீண் வேலை அல்ல. ஒரு பிள்ளைக்குக் குறைத்துக் கொடுத்தால் காரணத்தையும் எழுதிவிட வேண்டும். "மூத்தவனுக்கு வீடு வாங்க முன்பே பணம் கொடுத்துவிட்டேன்" என்ற ஒரு வரி, பின்னால் வரப்போகிற வழக்கின் முதுகெலும்பை ஒடித்துவிடும்.

இந்த ஊருக்கென்று இன்னொன்று. கிழக்கேகோட்டைத் தமிழ்க் குடும்பங்களில் வயதான பெண்கள் பலர் மலையாளம் சரளமாகப் பேசுவார்கள், எழுத்து வாசிக்க வராது. பத்திரமோ மலையாளத்தில் எழுதப்படும். தமக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய உயிலில் ஒருவர் போட்ட கையெழுத்து, எதிர்த்தரப்பு வக்கீலுக்கு நாமே கொடுக்கும் ஆயுதம். உயில் இந்த மொழியில்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. தமிழிலேயே எழுதலாம். பதிவு செய்யப்போகிற அலுவலகத்தில் தமிழ் புழக்கத்தில் இல்லையென்றால் மலையாள மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். மலையாளத்திலேயே எழுதினாலும், வாசித்துக் காட்டப்பட்டுத் தமிழில் பொருள் சொல்லக் கேட்டு ஒப்புக்கொண்டதாக ஒரு வாக்கியமும், அதை வாசித்துச் சொன்னவரின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

மூலம்: "எனக்குச் சுயார்ஜிதமாகப் பாத்தியப்பட்டதும், என் அனுபவத்தில் இருந்து வருவதும், இதனடியில் விவரித்ததுமான சொத்துக்களை..."

'எனக்குப் பாத்தியப்பட்ட' என்ற இடத்தில்தான் நிறைய உயில்கள் சறுக்குகின்றன. தன்னுடையது எது, தன் கையில் இருப்பது மட்டும் எது என்று பிரித்துப் பார்க்காமல் எழுதுகிறார்கள். மனைவியின் நகையைக் கணவர் தம் உயிலில் மகளுக்கு எழுதுவார். அண்ணனோடு சேர்ந்து வாங்கிய கடையை முழுசாகத் தம் பிள்ளைக்கு எழுதுவார். இல்லாத உரிமையை உயிலால் கொடுக்க முடியாது.

இந்த வேறுபாட்டைக் கவனமாகக் காத்த ஒருவர் இந்த ஊரிலேயே இருந்தார். திருவிதாங்கூரின் கடைசி மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மா 1991 ஜூலையில் காலமானார். தம் சொந்தச் சொத்துக்களுக்கு அவர் உயில் எழுதி வைத்திருந்தார். பத்மநாபசுவாமி கோயிலை அதில் சேர்க்கவில்லை. 1949இல் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தப்படி கோயிலின் நிர்வாகம் அவர் கையில்தான் இருந்தது. ஆனால் அது சாமியின் சொத்து, தாம் அறங்காவலர் மட்டுமே என்ற எண்ணம் உயிலிலும் தெரிந்தது. பின்னாளில் வழக்கு உச்ச நீதிமன்றம் போனபோது, தனிச்சொத்தாக அவர் கோயிலைக் கருதவில்லை என்பதற்கு அந்த உயில்களும் ஒரு சான்றாகக் காட்டப்பட்டன. உயிலில் எழுதாமல் விட்டதுகூடச் சாட்சி சொல்லும்.

பூர்வீகச் சொத்து விஷயத்தில் தமிழ்நாட்டுக் கணக்கை இங்கே அப்படியே போட வேண்டாம். 1975இல் நிறைவேறி, 1976 டிசம்பர் 1 முதல் அமலுக்கு வந்த கேரள இந்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டம், தந்தைவழி மிதாட்சரக் கூட்டுக்குடும்பத்தையும் தாய்வழி மருமக்கத்தாயத் தறவாட்டையும் ஒரே வீச்சில் கலைத்து, ஆளாளுக்குத் தனிப் பங்கு என்று ஆக்கியது. மகளுக்குப் பங்கு உண்டா என்ற கேள்வியில் இந்தச் சட்டமும் 2005இல் திருத்தப்பட்ட மத்தியச் சட்டமும் மோதுகிற இடம் ஒன்று உண்டு. குடும்பத்தில் பூர்வீகச் சொத்து இருந்தால் அதற்கு மட்டும் தனியாக வக்கீலைப் பார்த்துவிடுவதே நல்லது. தம் பங்கு என்று இருப்பதை உயிலில் எழுத, 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு வழிவிடுகிறது.

'இதனடியில் விவரித்த' என்றால் சர்வே நம்பர், ரீசர்வே நம்பர், தண்டப்பேர் எண், சென்ட் கணக்கு, நான்கு எல்லை, கார்ப்பரேஷன் கதவு எண். பழைய சர்வே நம்பரை மட்டும் எழுதிவிட்டுப் போனால், வில்லேஜ் ஆபீஸில் போக்குவரவு செய்யப் போகிற பிள்ளை படியேறி இறங்கியே ஓய்ந்துவிடும். மாநில எல்லைக்கு இருபுறமும் சொத்து உள்ளவர்கள் இங்கே அதிகம். 1956 நவம்பர் 1இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்குப் போனபோது, ஒரே ராஜ்யத்தில் இருந்த வீடும் வயலும் இரண்டு மாநிலத்தில் ஆயின. (ராஜ்யமே அப்போது பாகப்பிரிவினை செய்துகொண்டது. கோயில்களுக்கான பணத்தில் ஆண்டுக்கு 46.5 லட்சம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வத்துக்கு, 13.5 லட்சம் அந்தப் பக்கம் போன கோயில்களுக்கு என்று அரசியல் சட்டத்தின் 290ஏ பிரிவிலேயே கணக்கு எழுதி வைத்தார்கள். எந்தப் பாகப் பத்திரமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை.) கோட்டையில் வீடும் நாஞ்சில்நாட்டில் வயலும் உள்ளவருக்கு ஒரே உயில் போதும். சொத்து அட்டவணையை மட்டும் இரண்டாகப் பிரித்து, இங்கே தண்டப்பேரும் அங்கே பட்டா எண்ணும் எழுத வேண்டும்.

பேங்க் டெபாசிட்டும் பங்குகளும் இந்த அட்டவணையில் வர வேண்டும். "அதற்குத்தான் நாமினி போட்டிருக்கிறேனே" என்பார்கள். நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளும் ஆள், சொந்தக்காரர் ஆகிவிடமாட்டார். கம்பெனிப் பங்குகளுக்கும் இதே நிலைதான் என்று சக்தி யெஸ்தானி வழக்கில் 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு பேங்க் கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போடலாம் என்று வந்துவிட்டதால், நாலு பிள்ளைகளுக்கும் பிரித்தாயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. விதிவிலக்கு ஆயுள் காப்பீடு. பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் தொகை அவர்களுக்கே உரியது என்று 2015இல் சட்டம் திருத்தப்பட்டது. உயிலில் ஒருவர் பெயர், பேங்கில் இன்னொருவர் பெயர் என்று வைப்பது சண்டைக்கு நாமே அழைப்பிதழ் அடிப்பது. இரண்டிலும் ஒரே பெயர் இருக்கட்டும்.

மூலம்: "என் ஆயுட்காலம் வரை மேற்படி சொத்துக்களை நானே சகல பாத்தியதைகளோடும் அனுபவித்து வருவேன். இந்த உயில் என் காலத்துக்குப் பிறகே அமலுக்கு வரும். இதை மாற்றவும் ரத்து செய்யவும் எனக்குப் பூரண அதிகாரம் உண்டு."

உயிலுக்கும் செட்டில்மென்ட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த மூன்று வாக்கியங்களில் அடங்கும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அது வெறும் காகிதம். இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 62ஆம் பிரிவுப்படி எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், கிழிக்கலாம். இங்கே தனநிச்சயம் என்று சொல்கிற செட்டில்மென்ட் பத்திரமோ பதிவான அன்றே சொத்தைக் கைமாற்றிவிடும். பிள்ளைகள் "செலவு குறைவு, பிறகு கோர்ட்டுக்குப் போக வேண்டாம்" என்று சொல்லி வீட்டைச் செட்டில்மென்ட் எழுதி வாங்கிக்கொண்டு, பிறகு அப்பாவைப் பின்கட்டுக்கு அனுப்பிய கதைகள் எல்லாத் தெருவிலும் இருக்கும். அப்படி எழுதிக் கொடுத்துவிட்டவர்களுக்கு 2007ஆம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டத்தின் 23ஆம் பிரிவு ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருந்து, வாங்கிக்கொண்டவர் பராமரிக்காவிட்டால், அந்தக் கொடையை ரத்து செய்யலாம். 2025 ஜனவரியில் ஊர்மிளா தீட்சித் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை முதியவர்களுக்குச் சாதகமாகவே விளக்கியது. ஆனால் நிபந்தனை என்று ஒன்று இருக்க வேண்டும். அன்பின் பேரில் என்று மட்டும் எழுதிக் கொடுத்தவரின் நிலை கடினம். என் அபிப்பிராயம்: குடியிருக்கும் வீட்டை உயிலில் எழுதுங்கள், செட்டில்மென்ட்டில் எழுதாதீர்கள்.

மூலம்: "என் காலத்துக்குப் பிறகு மேற்படி வீட்டை என் மனைவி தம் ஆயுள் பரியந்தம் அனுபவித்து, அவருக்குப் பிறகு என் மகனும் மகளும் சமபாகமாக அடைந்து..."

இந்த உரை முழுவதற்கும் நடுவிடம் இதுதான். 'அவருக்குப் பிறகு' என்ற இரண்டு சொற்கள்.

முதலில் மனைவியின் ஆயுள் உரிமை. அம்மா வாழ்கிறவரை வீட்டில் இருக்கட்டும், விற்கக் கூடாது என்ற நல்ல நோக்கத்தில் எழுதுவது. ஆனால் 1977இல் துளசம்மா வழக்கில் உச்ச நீதிமன்றம், பெண்ணுக்கு ஏற்கெனவே உள்ள ஜீவனாம்ச உரிமைக்காகக் கொடுத்த ஆயுள் உரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டம் 14ஆம் பிரிவின்படி முழு உரிமையாக மாறிவிடும் என்றது. எப்போது மாறும், எப்போது மாறாது என்பதில் அதன்பின் தீர்ப்புகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டு, 2024 டிசம்பரில் பெரிய அமர்வின் முடிவுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. ஆக, 'ஆயுள் பரியந்தம்' என்று எழுதிவிட்டால் அந்தப்படியே நடந்துவிடும் என்று நம்பி இருக்க முடியாது. மனைவியை நம்புகிறவர் முழு உரிமையையே அவருக்கு எழுதிவிட்டு, அவரையும் ஓர் உயில் எழுதச் சொல்வது சுத்தமான வழி.

இனி 'அவருக்குப் பிறகு'. இதை எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நாடறிந்த உதாரணம் பத்மநாபசுவாமி கோயிலின் பத்மதீர்த்தக் குளத்தங்கரையிலேயே இருக்கிறது.

1949 மே மாதம் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன் 8ஆம் பிரிவு, பத்மநாபசுவாமி கோயிலின் நிர்வாகம் 'திருவிதாங்கூர் ஆட்சியாளரிடம்' அறப்பொறுப்பாக இருக்கும் என்றது. 1950இல் வந்த திருவிதாங்கூர்-கொச்சி இந்து சமய நிறுவனங்கள் சட்டமும் அதையே எடுத்துக்கொண்டது. எழுதியவர்கள் சாமானியர் அல்லர், நாட்டின் சிறந்த சட்ட மூளைகள் உடனிருந்தன. ஆனால் அந்த ஆட்சியாளர் காலமான பிறகு யார் என்று வெளிப்படையாக ஒரு வாக்கியம் இல்லை. 1971இல் 26ஆவது அரசியல் சட்டத் திருத்தம் மன்னர் மானியத்தையும் ஆட்சியாளர் என்ற அங்கீகாரத்தையும் ஒழித்தது. 1991இல் சித்திரைத் திருநாள் காலமானார். கோயில் நிர்வாகம் யாருக்கு என்று அவரும் உயிலில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. மருமக்கத்தாய வழக்கப்படி தம்பி உத்திராடம் திருநாள் மார்த்தாண்ட வர்மா பொறுப்பேற்றார்.

கொஞ்ச காலம் கேள்வி எழவில்லை. பிறகு பக்தர்கள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரி 31இல் கேரள உயர் நீதிமன்றம், ஆட்சியாளர் என்பது வாரிசாக அடையக்கூடிய பதவி அல்ல, கடைசி ஆட்சியாளரோடு அது முடிந்துவிட்டது, அரசு ஓர் அமைப்பை ஏற்படுத்திக் கோயிலை ஏற்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தடை கொடுத்தது. அதே ஆண்டு ஜூனில் நிலவறைகள் திறக்கப்பட்டு உலகமே கோட்டையைத் திரும்பிப் பார்த்தது. வழக்கு நடக்கும்போதே, 2013 டிசம்பரில், உத்திராடம் திருநாளும் காலமானார். 2020 ஜூலை 13இல் நீதிபதிகள் யு.யு. லலித், இந்து மல்ஹோத்ரா அமர்வு முடிவு சொன்னது. கோயிலை நிர்வகிக்கும் உரிமை ஒப்பந்தத்துக்கு முன்பே அந்தக் குடும்பத்துக்கு வழக்கத்தால் இருந்தது. அதைப் பற்றி உயில் எதுவும் இல்லாமல் ஆட்சியாளர் காலமானால், குடும்ப வழக்கப்படி அடுத்தவருக்குப் போகும். அன்றாட நிர்வாகத்துக்குத் திருவனந்தபுரம் மாவட்ட நீதிபதி தலைமையில் குழு.

1991இலிருந்து 2020 வரை 29 ஆண்டுகள். நிலவறை நிறையப் பொன் இருந்த இடத்திலேயே இத்தனை ஆண்டு இழுத்தது 'அவருக்குப் பிறகு இன்னார்' என்ற வரி இல்லாதது. அரச குடும்பத்துக்கு வழக்கம் என்று ஒன்று கைகொடுத்தது. சாலைத் தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அப்படி எந்த வழக்கமும் கைகொடுக்காது.

ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இரண்டாவது பெயர் ஒன்று எழுதுங்கள். "என் மகன், அவர் எனக்கு முன் காலமானால் அவருடைய பிள்ளைகள்" என்று. சட்டத்தில் ஒரு சிறு பாதுகாப்பு இருக்கிறது. நம் பிள்ளைக்கு எழுதி, பிள்ளை நமக்கு முன் காலமாகி, அவருக்குச் சந்ததி இருந்தால், அந்தப் பங்கு அழியாது என்கிறது இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 109ஆம் பிரிவு. ஆனால் அது நம் சொந்தச் சந்ததிக்கு மட்டும். தங்கை மகனுக்கோ, பெறாமல் வளர்த்த பெண்ணுக்கோ எழுதியிருந்து அவர் முந்திக்கொண்டால், அந்தப் பங்கு அவர் குடும்பத்துக்குப் போகாது. தம் தறவாட்டு மருமகனுக்கு எழுதிய மாமாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். கோயில் அறக்கட்டளை, கடைப் பங்காளி ஒப்பந்தம், பேங்க் லாக்கர் என எதற்குப் பொறுப்பாளராக இருந்தாலும் இதே கேள்விதான். பதவியின் பெயரை மட்டும் எழுதிவிட்டு, அந்தப் பதவிக்கு அடுத்து யார், எப்படி வருவார் என்று எழுதாமல் விடக் கூடாது.

'மகனும் மகளும் சமபாகமாக' என்பதும் இந்த மண்ணில் எளிதாக வந்த சொல் அல்ல. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாமல் தகப்பன் காலமானால் மகளுக்கு மகனுடைய பங்கில் கால் பாகம் அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. மேரி ராய் தொடுத்த வழக்கில் 1986 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்தச் சட்டம் 1951 ஏப்ரல் 1ஆம் தேதியே காலாவதியாகிவிட்டது என்றது. மகளுக்குச் சமபங்கு வந்தது. அதற்குப் பதில் சொல்வது போல, பல வீடுகளில் மகள்களைத் தவிர்த்து உயில் எழுதினார்கள். சட்டம் கொடுத்ததை உயில் எடுத்துவிட முடியும். உயில் எப்போதும் நல்ல காரியத்துக்கே பயன்படும் என்று நான் சொல்ல மாட்டேன்.

உயிலே இல்லாவிட்டால்? இந்து ஆணின் சொத்து மனைவி, மகன்கள், மகள்கள், தாய் எல்லோருக்கும் சமமாகப் போகும். தாயும் இதில் உண்டு என்பது பலருக்கு அப்போதுதான் தெரியவரும். இந்துப் பெண்ணின் நிலை இன்னும் விசித்திரம். பிள்ளைகள் இல்லாத, கணவரை இழந்த பெண் சொந்தமாகச் சம்பாதித்த பணம் கணவருடைய உறவினர்களுக்குத்தான் போகும், அவளைப் படிக்க வைத்துக் காப்பாற்றிய பெற்றோருக்கு இல்லை என்று 2009இல் ஓம் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டப்படி சொல்ல வேண்டியதாயிற்று. மருமக்கத்தாய மரபில் வந்த பெண்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு வேறு வரிசை வைத்திருக்கிறது, மற்றவர்களுக்கு இல்லை. வீட்டில் உயில் என்றால் அப்பாவின் உயில் என்றே நினைக்கிறோம். வேலை பார்த்துச் சேமித்த பெண்கள் அனைவரும், முக்கியமாகப் பிள்ளைகள் இல்லாதவர்கள், தனியாக ஓர் உயில் எழுத வேண்டும். முஸ்லிம்களுக்கு அளவே வேறு. கடனும் அடக்கச் செலவும் போக மிஞ்சியதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது, மற்ற வாரிசுகளின் சம்மதம் இருந்தாலன்றி.

மூலம்: "இதற்கு முன் நான் எழுதிய உயில் ஏதேனும் இருந்தால் அது இதன்மூலம் ரத்து."

தேதி முக்கியம். இரண்டு உயில் இருந்தால் பிந்தியதுதான் செல்லும். இதில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றே. கிறிஸ்தவர் உயில் எழுதிய பிறகு திருமணம் செய்தால் பழைய உயில் தானாகவே ரத்தாகும் (இந்திய வாரிசுரிமைச் சட்டம், 69ஆம் பிரிவு). இந்துவுக்கு அப்படி இல்லை. கல்யாணத்துக்கு முன் எல்லாவற்றையும் தம்பிக்கு எழுதி வைத்தவர் கல்யாணத்துக்குப் பிறகு அந்தக் காகிதத்தை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மூலம்: "இந்த உயிலை நிறைவேற்றும் நிர்வாகியாக இன்னாரை நியமிக்கிறேன்."

பிள்ளைகளில் ஊரில் இருப்பவரைப் போடுங்கள். துபாயில் இருப்பவரையும் நியூ ஜெர்சியில் இருப்பவரையும் போட்டால், ஒவ்வொரு கையெழுத்துக்கும் ஒரு விமான டிக்கெட். கேரளத்தில் இந்துவின் உயிலுக்கு புரொபேட் என்ற நீதிமன்றச் சான்று வாங்குவது கட்டாயம் இல்லை. தகராறு வந்தால் வஞ்சியூர் கோர்ட் இருக்கிறது. சென்னை நகருக்குள் ஒரு ஃபிளாட் இருந்தால் மட்டும் அதற்கான இன்றைய நிலையைத் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வாரிசுச் சொத்துக்கு வரி போடுவார்களே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: எஸ்டேட் டூட்டி 1985இலேயே எடுக்கப்பட்டுவிட்டது. ஆனால் இங்கிருந்தபடியே அமெரிக்கக் கம்பெனிப் பங்குகளை வாங்கி வைத்திருப்பவர் கவனிக்க வேண்டும். அந்நாட்டில் குடியிராதவரின் அங்குள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் அவர்கள் சட்டம் வரி கேட்கும்.

மூலம்: "கீழ்க்கண்ட சாட்சிகள் முன்னிலையில் நான் கையொப்பமிட்டேன். சாட்சிகள் என் முன்னிலையில் கையொப்பமிட்டார்கள்."

இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவு இது. மூன்று காரியங்களைக் கேட்கிறது. எழுதியவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். முடியாவிட்டால், அவர் சொல்லி, அவர் கண் முன்னால் வேறொருவர் போடலாம். அந்தக் கையெழுத்து, இந்த எழுத்தை உயிலாக்கத்தான் போடப்பட்டது என்று தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும், அதனால்தான் கடைசியில், ஒவ்வொரு பக்கத்திலும். இரண்டு சாட்சிகளாவது இருக்க வேண்டும். ஒவ்வொருவரும் எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது என் கையெழுத்து" என்று அவர் வாயால் சொல்லக் கேட்டிருக்க வேண்டும். சாட்சியும் அவர் கண்முன்னே கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டியதில்லை. இருந்தால் நல்லது.

பின்னால் உயிலை நிரூபிக்கும்போது, சாட்சிகளில் உயிரோடு இருக்கும் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 68ஆம் பிரிவு, இப்போதைய 2023ஆம் ஆண்டுச் சட்டத்தில் 67. பதிவு செய்த உயிலுக்கும் இதே விதிதான். பதிவு செய்துவிட்டோமே, இனி என்ன என்று நினைப்பது பெரிய தவறு. ஆகவே சாட்சி உங்களைவிட இளையவராக, உள்ளூர்க்காரராக, உயிலில் எதுவும் பெறாதவராக இருக்கட்டும். கிறிஸ்தவரின் உயிலில் சாட்சிக்கோ சாட்சியின் கணவன் அல்லது மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லவே செல்லாது (இந்திய வாரிசுரிமைச் சட்டம், 67ஆம் பிரிவு). இந்துவின் உயிலுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. ஆனாலும் மூத்த மகனையே சாட்சியாகப் போட்டுவிட்டு வீட்டையும் அவருக்கே எழுதினால், வெங்கடாசல ஐயங்கார் தீர்ப்பு சொன்ன சந்தேகம் உடனே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் செய்துவிடுங்கள். காணாமல் போகாது, தேதி தகராறு வராது. யாருக்கும் தெரியக் கூடாது என்றால், 1908ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 42ஆம் பிரிவுப்படி முத்திரையிட்ட உறையில் வைத்து மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கலாம். வேண்டும்போது திரும்ப வாங்கிக்கொள்ளவும் முடியும். எங்கே இருக்கிறது என்பதை மட்டும் ஒருவரிடமாவது சொல்லி வையுங்கள்.

செலவாகும் என்று தள்ளிப்போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை. வெள்ளைத்தாளில், சொந்தக் கையெழுத்தில், இரண்டு சாட்சிகளோடு எழுதினாலும் அது செல்லும்.